மச்சினனோடு பதினெட்டு மீட்டர்

கடற்கரை இல்லாத சாத்தான்குளத்தில் பிறந்தவனுக்குக் கடலுக்குள் மூழ்கச் சான்றிதழ் எதற்கு என்று எங்கள் ஆபீசில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சரக்குக் காகிதம் தயார் செய்கிறவன் நான். எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் நிற்கிறது, எந்தக் கன்டெய்னரில் முந்திரி, எதில் மரக்கட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நாற்பத்தாறு வயது வரைக்கும் கடல் என் முழங்காலைத் தாண்டியதில்லை. அதுவும் திருச்செந்தூரில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது பின்னாலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற சந்தேகத்தோடு நின்றது.

சான்றிதழ் என்றால், துணையோடு பதினெட்டு மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கலாம் என்று சொல்கிற ஒரு பிளாஸ்டிக் அட்டை, அவ்வளவுதான். டிரைவிங் லைசென்ஸைத் தேடும்போதெல்லாம் அதுதான் முதலில் கைக்கு வரும். அதிலுள்ள போட்டோவில் தலை கலைந்து, கண்ணைச் சுற்றி முகமூடி அழுத்திய தடத்தோடு ஆந்தை மாதிரி முழிக்கிறேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த அட்டையைப் பார்த்தால் அந்த வருஷத்து மாசி, பங்குனி ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக வந்து நிற்கும். நின்றுகொண்டே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, எதைத் தேடினேன் என்பதை மறந்துவிடுவேன்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். பழைய துறைமுகம் போகிற வழியில் கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறான். நைலான் கயிறு, பெயின்ட், துருப்பிடிக்காத போல்ட், ரப்பர் வளையம் என்று எதைக் கேட்டாலும் ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டு அப்புறம் தேடுவான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வேர்த்தபோதெல்லாம் கைக்குட்டையை நீட்டியது அவன்தான். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தான். காலையில் கறியோடு வருவான், சாயந்தரம் என்னோடு எதற்காவது சண்டை போட்டுவிட்டுப் போவான். அரசியல், கிரிக்கெட், ரசத்தில் பெருங்காயம் போடலாமா கூடாதா என்று சண்டைக்கு விஷயம் குறையாது. அக்காவைப் பார்க்க வருகிறான் என்றுதான் பெயர். உள்ளபடி அவன் என்னோடுதான் பேசிக்கொண்டிருப்பான்.

அந்த வருஷம் அவளும் நானும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் அம்மா வீட்டுக்கு, அதாவது அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். யார் மேல் தப்பு என்று இப்போதும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை என்பதுதான் அதிலிருந்த துக்கமே. அடிதடி இல்லை, குடி இல்லை, மூன்றாம் மனிதர் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதை மெல்ல மெல்ல மறந்துபோனோம். குழந்தையும் இல்லை. பிள்ளை ஒன்று இருந்திருந்தால் மச்சினன் தாய்மாமனாகவாவது எனக்கு மிஞ்சியிருப்பான் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு பேரும் சம்மதித்து மனுப் போட்டோம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மனைவி போனதைவிட ஞாயிற்றுக்கிழமை போனதுதான் என்னை அதிகம் வதைத்தது என்று சொன்னால் நல்லவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் உண்மை.

ஒரு நாள் மத்தியானம் அவன் என் ஆபீசுக்கு வந்தான். வீட்டுக்கு வருவதற்குக் கூச்சம்.

“அத்தான், ஞாயித்துக்கெழம என்ன செய்யுதிய?” என்றான்.

“துணி தொவைக்கேன்.”

“அத வேற நாளு தொவைங்க. கடலுக்கடியில முங்குறதுக்குப் படிச்சுக் குடுக்காவ, நம்ம கடையிலதான் கயிறு வாங்குதாவ. ரெண்டு பேரா வந்தாத்தான் சேப்பாவளாம். ஜோடி வேணுமாம்.”

“ஏலே, எனக்கு எதுக்குலே இந்த வயசுல?”

“எனக்கும்தான் எதுக்கு? வாங்க.”

மூன்றாவது வாரம், முன்பே பாதிப் பாடம் முடித்திருந்த ஒரு பல் டாக்டர் தன்னந்தனியாக வந்து அதே வகுப்பில் சேர்ந்தார். ஜோடி கட்டாயம் என்பது மச்சினன் கடையில் தயாரான சரக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவனும் வெட்கப்படுவான், நானும் வெட்கப்படுவேன்.

முதல் பாடங்கள் கடலில் இல்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கும். சொல்லிக்கொடுத்தவர் பாண்டிச்சேரிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் ‘மேடம்’ என்போம், அவர் எங்களை ‘சார்’ என்பார். அந்த மரியாதை எல்லாம் தண்ணீருக்கு மேலேதான். உள்ளே போய்விட்டால் காதைத் திருகாத குறையாக வேலை வாங்குவார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலும் அவ்வளவு கண்டிப்பைப் பார்த்ததில்லை.

முதுகில் காற்றுச் சிலிண்டர், மேலே காற்று ஊதிக்கொள்கிற ஜாக்கெட், இடுப்பில் ஈயக்கட்டி. வாயில் கவ்விக்கொள்கிற ரெகுலேட்டர் ஒன்று. அதுபோலவே மஞ்சள் நிறத்தில் இன்னொன்று நெஞ்சருகே தொங்கும், அது கூட வருகிறவருக்குக் காற்றுத் தீர்ந்துபோனால் கொடுப்பதற்கு. இதை எல்லாம் மாட்டிக்கொண்டு குளத்து ஓரத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததை ஹோட்டலுக்குச் சாப்பிட வந்த ஒரு குடும்பம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஒருவர் எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர். திங்கட்கிழமை துறைமுகம் முழுக்க விஷயம் பரவிவிட்டது.

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைச்சாடை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். மச்சினனுக்கு அது மண்டையில் ஏறவில்லை. குளத்துத் தரையில் உட்கார்ந்து முதல்முறை நிம்மதியாக மூச்சு விட்ட சந்தோஷத்தில் அவன் மேடத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவர் அவன் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே கொண்டுபோனார். “என்ன சார், என்ன ஆச்சு?” என்றார். “ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்குன்னு சொன்னேன்” என்றான். திரும்ப இறங்கினார்கள். திரும்பவும் அவனுக்கு நன்றாக இருந்தது. அன்றைக்கு மட்டும் நான்கு முறை மேலே போய் வந்தான். நான் கீழே உட்கார்ந்து சிரித்ததில் என் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. என் சங்கடம் அதோடு ஆரம்பித்தது.

எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது கிணற்று நீச்சல். எங்கள் ஊரில் பம்புசெட் கிணற்றில் குதிக்கிற எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குதிப்போம், குதித்ததும் தலையை வெளியே தூக்கிவிடுவோம். மூக்கில் தண்ணீர் ஏறவிடுகிறவன் எங்கள் தெருவில் கையாலாகாதவன். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கு வழியாக ஊதி வெளியேற்ற வேண்டும் என்று மேடம் சொன்னார். முகமூடியை முழுதாகக் கழற்றி, திரும்ப மாட்டி, ஊதிக் காட்டுவது ஒரு பரீட்சை. கழற்றியதும் என் கை நேராக மூக்குக்குப் போய்விடும். பிடித்த மூக்கால் எப்படி ஊதுவது? வாயில்தான் காற்று வருகிறதே, மூச்சு விடலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது மூக்கைப் பிடித்தால் வாயும் தானாக மூடிக்கொள்ளும், முப்பது வருஷத்துப் பழக்கம். விலுக்கென்று உதைத்து மேலே வந்துவிடுவேன். மூன்று ஞாயிறு இதே கதைதான்.

இரண்டாவது ஞாயிறு வகுப்பு முடிந்து குளத்துப் படியில் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். மச்சினன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“அத்தான், ஒண்ணு சொல்லணும். இந்த வகுப்புக்கு வாரது அம்மைக்குத் தெரியும். கேசு முடியுற வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாவ. தீர்ப்பு வந்தப் பொறவு போக்குவரத்து வேண்டாமாம். ஒங்க வீட்டுக்கு நான் வரக் கூடாது, நம்ம வீட்டுக்கும் கடைக்கும் ஒங்கள ஏத்தக் கூடாது. அக்கா மனசு ஆறணும்னா இதுதான் வழின்னு அழுதாவ. தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ.”

அந்த அம்மாள் பதினாறு வருஷம் என்னை மருமகனாகத் தாங்கியவர். மகள் பக்கம் நிற்பதுதான் நியாயம். “சரிதாம்லே, அத்தை சொல்லுததுல தப்பு இல்ல” என்றேன். அன்று வீட்டுக்குப் போய், காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளத்துப் பாடம் நான்கு ஞாயிறு, அதற்கடுத்த சனி ஞாயிறு கடல். கோர்ட் தேதி அதற்கும் அடுத்த வியாழன். எல்லாம் முடித்துக்கொண்டு தீர்ப்புக்குப் போகலாம், கணக்குச் சரியாக இருந்தது. அந்தச் சில நாள் போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். போதவில்லை என்பது அப்போதே தெரியும்.

நான்காவது ஞாயிறும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். மேடம் குளத்து விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, “சார், இதோட உங்களக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. இன்னொரு சண்டே பூல்ல வாங்க” என்றார். மச்சினனைப் பார்த்து, “நீங்க ரெடி. வர்ற வாரம் டாக்டர்கூட நீங்க கடலுக்குப் போயிடலாம்” என்றார்.

அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “நான் இவியகூடத்தான் போவேன் மேடம். அடுத்த வாரம் பூலுக்கே வாரேன்” என்றான்.

ஒரு வாரம் தள்ளினால் கடல் இறங்குகிற நாள் தீர்ப்புக்கு அப்புறம் வருகிறது. அவன் அதைக் கணக்குப் போடாமலா இருப்பான்? கடைக்காரன். வண்டியை எடுக்கும்போது கேட்டேன், “ஏலே, தேதியப் பாத்தியா?”

“பாத்தேன்” என்றான். பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “வேணும்னேதான் மூக்கப் பிடிக்கியளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்” என்றான்.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாவது ஞாயிறு அவன் எனக்கு எதிரே குளத்துத் தரையில் மண்டியிட்டு, என் இரண்டு கையையும் தன் கையில் பிடித்துக்கொண்டான். முகமூடியை மேடம் கழற்றினார். மூக்குக்குப் போகக் கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, செத்தேன் என்று நினைத்து, வாயால் இழுத்தேன். காற்று வந்தது. இன்னொன்று இழுத்தேன், அதுவும் வந்தது. முகமூடியை மாட்டி மூக்கால் ஊதினேன். கண்ணைத் திறந்தபோது எதிரே அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சட்டென்று நினைவு வந்து, விரலை மடக்கி வட்டமாகப் பிடித்து ‘சரி’ என்று திருத்திக் காட்டினான்.

வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் கூப்பிட்டார்கள், கேட்டார்கள், இரண்டு பேரும் ஆமாம் என்றோம், கையெழுத்துப் போட்டோம். பதினாறு வருஷம் முடிய ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவன் அம்மாவோடும் அக்காவோடும் வந்திருந்தான். வராண்டாவில் அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தான். என் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். அவர்கள் மூன்று பேரும் காரில் ஏறிப் போனார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்று வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தேன். சாவி கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிகிற நேரம் படகுத்துறைக்குப் போனபோது அவன் வரமாட்டான் என்றே முடிவு செய்திருந்தேன். மேடத்திடம் என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவன் அங்கே இருந்தான். எனக்கு முன்பே வந்து, சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “அந்தப் பைய எடுங்க” என்றான். அவ்வளவுதான். அத்தான் என்ற வார்த்தை வரவில்லை. “அங்கன வைங்க”, “இதப் பிடிங்க” என்றெல்லாம் பேசினான், மரியாதையில் குறை இல்லை. ஆனால் கூப்பிடுகிற சொல் மட்டும் இல்லை. பதினாறு வருஷமாக ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் வந்த சொல். அது இல்லாமல் அவன் பேசுவது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. இன்றைக்கும் நாளைக்கும் படிப்பை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான் என்று புரிந்துகொண்டேன்.

படகு ஓட்டியவர் தருவைகுளத்துக்காரர், வாய் ஓயாத மனிதர். துறைமுகச் சுவர் பின்னால் போனதும் எங்களைப் பார்த்துக் கேட்டார், “அண்ணன் தம்பியா அண்ணாச்சி?”

“இல்ல, மச்சினன்” என்றேன். யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது. அவன் குனிந்து கால்துடுப்பின் பட்டையை இழுத்து இறுக்கினான்.

படகுக்காரருக்கு ஒரே சந்தோஷம். “அப்ப நல்லதாப் போச்சு. முத்துக் குளிச்ச காலத்துல முங்குறவனுக்குக் கயிறு பிடிக்கது மச்சினன்தான். கூடப் பொறந்தவனக்கூட நம்ப மாட்டாவ.”

மேடத்துக்கு இது புதிது. “ஏன் அப்படி?” என்றார்.

“அண்ணன் தம்பின்னா சொத்துல பங்கு இருக்குல்லா மேடம், கயித்த விட்டாலும் விட்டுருவான். மச்சினன் விடுவானா? விட்டா அவன் அக்கா தாலியில்ல போவும்.”

மேடம் சிரித்தார். பாதியில் நின்ற ஓர் இறக்கத்தை முடிக்க வந்திருந்த பல் டாக்டரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாலிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இனி என் கயிற்றைப் பிடிக்க இவனுக்கு ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் ஒருவன் எவ்வளவு நேரம் பிடிப்பான் என்ற கேள்விதான் அன்றைக்கு முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் இறக்கம் பற்றிப் பெரிதாக எழுத ஆசைதான். ஆனால் பாதி நேரம் காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதி ஊதிக் காதைத் திறந்தேன். அங்கே மட்டும் என் ஊர்ப் பழக்கம் உதவியது. கீழே மணலும், அதையடுத்துப் பாறையும் இருந்தன. அந்தப் பாறைத் திட்டைத்தான் எங்கள் கரையில் பார் என்பார்கள். கிளிமீன்கள் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டது. கடலுக்கடியில் மீன் தின்னுகிற சத்தம் கேட்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மச்சினன் என் தோளைத் தட்டிக் கையை நீட்டினான். உயிருள்ள சங்கு ஒன்று மணலில் மிக மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் கோடு போட்டதுபோல ஒரு தடம். அதற்கு அவசரமே இல்லை. அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் படுத்த மாதிரி மிதந்துகொண்டு, மேடம் வந்து தட்டுகிற வரைக்கும் அதையே பார்த்தோம். வீட்டில் டிவிக்கு முன்னால் அப்படித்தான் ஞாயிறு சாயந்தரம் கிடப்போம். பேச முடியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு, நான்காவது இறக்கம், கடைசி. ஏழு மீட்டரில் மணல் தரையில் மண்டியிட்டோம். மிச்சம் இருந்தது ஒரே பரீட்சை. எனக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டதாக நான் சாடை காட்ட வேண்டும், அவன் நெஞ்சருகே தொங்குகிற மஞ்சள் ரெகுலேட்டரை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருவர் ஜாக்கெட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். குளத்தில் எத்தனையோ முறை செய்தது, ஒருமுறைகூட அவன் தவறியதில்லை.

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கையை விரித்துக் கழுத்தில் குறுக்காக இழுத்துக் காட்டினேன்.

அவன் மஞ்சளைத் தொடவே இல்லை. தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி என்னிடம் நீட்டினான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் உப்பி, கண்ணாடிக்குள் கண் விரிய என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் பதறிக் கையை ஆட்டினார். என் சிலிண்டரில் காற்று தாராளமாக இருக்கிறது, இது வெறும் பரீட்சை, எல்லாம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டு அவன் கொடுத்ததை வாங்கிக் கவ்விக்கொண்டேன். செம்பில் தண்ணீர் குடித்தால்கூட உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அவன் பல் பதிந்திருந்த ரப்பரில் என் பல்லைப் பதித்து மூச்சு இழுத்தேன். காற்றில்லாமல் இருந்த அவன் வாயில் மேடம் மஞ்சளைத் திணித்தார்.

படகில் ஏறியதும் மேடம் விடவில்லை. “பூல்ல கரெக்டா பண்ணீங்களே சார். இன்னைக்கு ஏன் உங்களோடத எடுத்துக் கொடுத்தீங்க?”

“தெரியல மேடம். அவிய கழுத்துல கைய வச்சதும் வேற நெனப்பு வரல.”

“அது எக்ஸர்சைஸ். அவர்கிட்ட ஏர் இருந்தது.”

“தெரியும் மேடம்” என்றான். தெரிந்துதான் இருக்கிறது, ஆனாலும் கை கேட்கவில்லை என்பதை அவன் முகம் சொல்லிற்று. நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்ப இறக்கினார். இந்த முறை அவன் மஞ்சளை எடுத்து, சரியான பக்கம் திருப்பி, நல்ல பிள்ளையாகக் கொடுத்தான். மேடம் இரண்டு பேருக்கும் கை கொடுத்து, தேறிவிட்டீர்கள் என்றார்.

கரைக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம் என்று எழுதிவிட்டு, கூட இறங்கியவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தனியாக இறங்குவது கூடவே கூடாது, எப்போதும் ஒரு துணை வேண்டும், அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கும் என்று மேடம் இன்னொரு தடவை எச்சரித்தார். அவன் நோட்டில் நான் போட்டேன். என் நோட்டை அவன் தொடை மேல் வைத்து, படகு குதிக்கிற குதியில் கோணல்மாணலாகப் போட்டான். பேனாவை மூடினான். நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

“அத்தான்” என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வீட்டுக்கு வர மாட்டேன். கடைக்கும் நீங்க வராதிய. அம்மைக்குச் சத்தியம் பண்ணிருக்கேன், அத மீற முடியாது.”

“சரிலே.”

“வீடுன்னு சொன்னாவ, கடைன்னு சொன்னாவ” என்றான். அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, “கடலப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றான்.

இந்த ஆறு வருஷத்தில் அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. கயிறு வேண்டுமென்றால் நான் வேறு கடையில்தான் வாங்குகிறேன். அவன் மகள் சடங்குக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை, என் அம்மா இறந்தபோது அவன் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பஜாரில் எதிரே பார்த்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வோம். ஆடி, ஆவணி எல்லாம் காற்று அடித்து முடிந்து கடல் அடங்குகிற சமயத்தில், ஏதாவது ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் போன் அடிக்கும். எடுத்தால், ‘யாரு’ என்றுகூடக் கேட்க விடமாட்டான்.

“அத்தான், தண்ணி தெளிஞ்சிட்டாம்.”